பசி வேறு, பற்றாக்குறை வேறு: கல்லீரல் செல் பிழைப்பதும் மடிவதும்

ஐப்பசி அமாவாசைக்கு மறுநாள் கந்த சஷ்டி விரதம் தொடங்கினால் எங்கள் பாளையங்கோட்டைத் தெருவில் பாதி வீடுகளில் அடுப்பு மந்தமாகிவிடும். சிலர் இரவில் மட்டும் பாலும் பழமும் எடுத்துக்கொள்வார்கள். வைராக்கியம் மிக்கவர்கள் ஆறு நாளும் தண்ணீரோடு இருந்து, சூரசம்ஹாரத்துக்குத் திருச்செந்தூர் போய்க் கடலாடித் திரும்புவார்கள். சென்ற முறை எதிர்வீட்டு ஆச்சி என்னிடம், "ஆறு நாளு பட்டினி கெடந்தா ஈரல் வெந்து போயிரும்னு டவுன்ல ஒருத்தர் சொல்லுதாரு, நெசந்தானா தம்பி?" என்று கேட்டார். விலங்கியல் சொல்லிக்கொடுப்பவன் என்பதால் இதுபோன்ற கேள்விகள் என்னிடம் வருவது வழக்கம். "அப்படியெல்லாம் ஆகாது ஆச்சி" என்று அப்போதைக்குச் சொல்லிவிட்டாலும் அந்தப் பதில் பாதிதான் சரி. உணவு குறையும்போது கல்லீரலின் செல் என்ன செய்கிறது, எந்தக் குறையைத் தாங்குகிறது, எந்தக் குறைக்கு உயிரை விடுகிறது என்பதை முதலிலிருந்து சொன்னால்தான் முழுப் பதில் கிடைக்கும்.

கறிக்கடையில் ஆட்டு ஈரலைப் பார்த்திருப்பவர்களுக்கு அதன் நிறத்தை விளக்க வேண்டியதில்லை. கறுப்பேறிய செம்பழுப்பு நிறம். விரலால் அழுத்தினால் சற்றே கெட்டியாக இருக்கும். அறுத்த இடம் ஒரே சீராகத் தெரியும். மனிதனின் கல்லீரலும் அதே தோற்றம் உடையதுதான். எடை ஏறத்தாழ ஒன்றரைக் கிலோ. அதற்குள் வரும் இரத்தத்தில் நான்கில் மூன்று பங்கு, குடலிலிருந்து நேராக வரும் போர்ட்டல் சிரை வழியாக வருகிறது. அதாவது நாம் உண்டது செரித்து இரத்தத்தில் கலந்ததும், இதயத்துக்குப் போவதற்கு முன்பே கல்லீரலைத் தாண்டித்தான் ஆக வேண்டும். ஆற்றின் முதல் மடையில் இருக்கும் வயலைப் போன்றது அது. நீர் வந்தாலும் முதலில் அறிவது அந்த வயல்தான், நின்றாலும் முதலில் அறிவது அதுதான்.

சாப்பிடாமல் இருக்கும் முதல் நாளில் கல்லீரல் தன் கையிருப்பைக் கொண்டு சமாளிக்கிறது. நல்ல உணவுக்குப் பின் அதில் ஏறத்தாழ 100 கிராம் கிளைக்கோஜன், அதாவது மாவுப்பொருளாக அடுக்கி வைத்த சர்க்கரை, இருக்கும். மூளைக்கும் இரத்தச் சிவப்பணுக்களுக்கும் சர்க்கரை இடைவிடாமல் தேவைப்படுவதால் இந்தச் சேமிப்பின் பெரும்பகுதி ஒரு நாளுக்குள் கரைந்துவிடும். அதன் பிறகு உடம்பின் கொழுப்பு எரிபொருளாகிறது. கல்லீரல் அந்தக் கொழுப்பிலிருந்து கீட்டோன்களைச் செய்து மற்ற உறுப்புகளுக்கு அனுப்புகிறது. இவ்வளவும் பாடப்புத்தகத்தில் உள்ளதுதான். இதே நேரத்தில் செல்லுக்குள் நடக்கும் இன்னொரு வேலைதான் அதன் உயிரைக் காக்கிறது.

செல் தன்னைத்தானே தின்னத் தொடங்குகிறது. கேட்பதற்குக் கொடூரமாக இருந்தாலும் நடப்பது மிக ஒழுங்கான வேலை. செல்லுக்கு ஆற்றல் தரும் மைட்டோகாண்ட்ரியாவில் பழுதடைந்தவை, கட்டிப்போன புரதம், தேவைக்கு மேல் கிடக்கும் நுண்ணுறுப்புகள் ஆகியவற்றைச் சுற்றி ஒரு சவ்வு வளைந்து வந்து பையாக மூடிக்கொள்கிறது. அந்தப் பை, செரிக்கும் நொதிகள் நிறைந்த லைசோசோமுடன் இணைகிறது. உள்ளே இருந்தது புரதத்தின் கட்டுக்கற்களான அமினோ அமிலங்களாகவும் கொழுப்பாகவும் உடைந்து மறுபடி செல்லின் பயன்பாட்டுக்கு வருகிறது. தன்னுண்ணல், ஆங்கில வழக்கில் ஆட்டோஃபேஜி, என்பது இதன் பெயர். பெயரிட்டவர் பெல்ஜியத்தைச் சேர்ந்த கிறிஸ்தியான் தெ துவ், ஆண்டு 1963. லைசோசோமையே முதலில் எலியின் கல்லீரலில் கண்டறிந்தவரும் அவர்தான். பசியின்போது சுரக்கும் குளுக்ககான் என்ற இயக்குநீரை எலிக்குச் செலுத்தினால் கல்லீரலில் இந்தப் பைகள் பெருகுகின்றன என்பதை அவருடைய குழு 1967-இல் காட்டியது. இதன் மரபணுக்களை ஈஸ்ட்டில் தேடிப் பிடித்த யோஷினோரி ஓசுமிக்கு 2016-இல் நோபல் பரிசு கிடைத்தபோதுதான் இந்தச் சொல் நாளிதழ்களுக்கு வந்தது. தொடர்ந்து வாட்ஸ்ஆப்புக்கும் வந்து, "விரதம் இருந்தால் புற்றுநோய் ஓடிப்போகும்" என்ற அளவுக்கு ஊதப்பட்டது. பரிசு கொடுத்தது செல் தன்னைச் செரிக்கும் முறையைக் கண்டறிந்ததற்குத்தான், விரதத்துக்கு அல்ல.

எலியை இரண்டு நாள் பட்டினி போட்டால் அதன் கல்லீரல் தன் புரதத்தில் நான்கில் ஒரு பங்குக்கு மேல், சில அளவீடுகளில் ஐந்தில் இரண்டு பங்கு வரை, இழந்துவிடுகிறது. அவ்வளவு இழந்தும் அதன் டி.என்.ஏ. அளவு ஏறக்குறைய மாறுவதில்லை. ஒவ்வொரு செல்லுக்கும் இத்தனை டி.என்.ஏ. என்று கணக்கு இருப்பதால், டி.என்.ஏ. குறையவில்லை என்றால் செல்களின் எண்ணிக்கை குறையவில்லை என்று பொருள். ஈரல் சுருங்குகிறது, ஆனால் குடும்பத்தில் ஒருவரும் சாகவில்லை. எல்லோரும் மெலிந்திருக்கிறார்கள், அவ்வளவுதான். ஆச்சியின் கேள்விக்கு நான் சொன்ன பாதிப் பதிலுக்கு ஆதாரம் இந்த ஒரு கணக்குதான்.

எப்போது தின்னத் தொடங்குவது, எப்போது நிறுத்துவது என்பதைச் செல் எப்படி அறிகிறது? எங்கள் தாமிரபரணியின் பாபநாசம் அணையின் முழு உயரம் 143 அடி. அந்த அளவுகோலில் நீர் எங்கே நிற்கிறது என்பதைப் பார்த்துத்தான் கார் பருவ நெல்லுக்குத் தண்ணீர் திறக்கலாமா, அடுத்து வரும் பிசானப் பருவத்துக்கு வைத்துக்கொள்ளலாமா, எந்தக் கால்வாய்க்கு முறை வைத்து விடலாம் என்று பேசுகிறார்கள். செல்லுக்குள் அப்படி இரண்டு அளவுகோல்கள் இருக்கின்றன. எம்டார் என்ற புரதக்கூட்டு லைசோசோமின் மேற்பரப்பில் அமர்ந்துகொண்டு அமினோ அமிலங்களின் வரத்தைப் பார்க்கிறது. வரத்து இருக்கும்வரை "கட்டு, வளர்" என்று கட்டளையிட்டுத் தன்னுண்ணலை அடக்கி வைக்கிறது. வரத்து நின்றதும் பிடியைத் தளர்த்துகிறது. ஏ.எம்.பி.கே. என்ற மற்றொன்று செல்லின் ஆற்றல் இருப்பைப் பார்க்கிறது. இருப்பு இறங்கினால் செலவுள்ள வேலைகளை நிறுத்தித் தன்னுண்ணலை முடுக்குகிறது. எங்கள் பக்கத்து விவசாயிக்கு இதில் புதிதாக ஒன்றும் இல்லை. தண்ணீர் குறைந்தால் பரப்பைச் சுருக்குவார், பழைய நெல்லை முதலில் குற்றுவார், விதைநெல் கோட்டையைக் கடைசி வரை தொடமாட்டார்.

இந்த ஏற்பாடு இல்லாமற்போனால் என்ன ஆகும் என்பதையும் பார்த்திருக்கிறார்கள். தன்னுண்ணலுக்கு வேண்டிய ஒரு மரபணுவைச் சுண்டெலியின் கல்லீரலில் மட்டும் நீக்கிய ஜப்பானிய ஆய்வு ஒன்று 2005-இல் வெளிவந்தது. அந்த எலிகள் பட்டினியில் தம் கல்லீரல் புரதத்தைக் கரைத்து எடுக்க முடியாமல் தவித்தன. நன்றாக உண்டபோதும் செல்கள் கழிவு சேர்ந்து வீங்கின, ஈரல் பல மடங்கு பெருத்தது, செல்கள் சேதமடைந்தன. பசிக்காலத்துக்கான கருவி என்று நாம் நினைப்பது நாள்தோறும் வீடு பெருக்கும் விளக்குமாறாகவும் இருக்கிறது.

விதைநெல்லையும் தின்னும் நிலை வருவதுண்டு. உணவை வெறுக்கும் அனோரெக்சியா நோயால் எலும்பும் தோலுமாகிப்போனவர்கள் சிலருக்கு இரத்தத்தில் கல்லீரல் நொதிகள் திடீரென்று மிக உயரத்துக்கு ஏறின. 2008-இல் பிரான்சில் அத்தகையோரின் ஈரலில் துளி எடுத்து எலக்ட்ரான் நுண்ணோக்கியில் பார்த்தபோது செத்த செல்கள் எதிர்பார்த்த அளவுக்கு இல்லை. தன்னுண்ணும் பைகள்தான் செல்களில் நிறைந்திருந்தன. காக்க வந்த வேலை எல்லை மீறினால் செல்லின் சவ்வையே தளர்த்திவிடும் என்பதற்கு அது ஒரு சான்று. நல்ல உடல்நிலையில் ஆறு நாள் விரதம் இருப்பவர் நிற்கும் இடத்துக்கும் அவர்கள் நின்ற இடத்துக்கும் வெகு தொலைவு.

இரத்தச் சோதனைச் சீட்டில் எஸ்.ஜி.பி.டி. என்று ஒரு வரி வருகிறதல்லவா, அதை இந்த இடத்தில் சொல்லிவிடலாம். அது கல்லீரல் செல்லுக்குள் இருக்க வேண்டிய ஒரு நொதி. செல்லின் சவ்வு கசிந்தாலோ கிழிந்தாலோ வெளியே வந்து இரத்தத்தில் கலக்கிறது. ஆகவே அந்த எண் உயர்ந்திருந்தால் எங்கோ கரை உடைந்திருக்கிறது என்று அறியலாம். உடைந்தது எதனால் என்று அந்த எண் சொல்லாது.

செல் மடியும் விதங்களைப் பிரித்தறிந்த கதையிலும் பட்டினி கிடந்த ஈரலே முதன்மைப் பாத்திரம் என்பது பலருக்குத் தெரியாது. 1960-களின் தொடக்கத்தில் ஜான் கெர் என்ற ஆஸ்திரேலிய நோய்க்குறியியலாளர் லண்டனில் இருந்தபோது, எலியின் போர்ட்டல் சிரையில் ஈரலின் சில மடல்களுக்குப் போகும் கிளைகளை மட்டும் கட்டிவிட்டார். குடலிலிருந்து வரும் சத்தான இரத்தம் அந்த மடல்களுக்கு நின்றுபோய், தமனியின் சிறு வரத்து மட்டும் மிஞ்சியது. முதல் சில மணி நேரத்தில், வரத்தின் கடைமடையில் இருந்த செல்கள் கூட்டமாக வீங்கி வெடித்து அழற்சியைக் கிளப்பின. அது நசிவு, நெக்ரோசிஸ் என்று முன்பே அறிந்த சாவு. ஆனால் அடுத்தடுத்த வாரங்களில், தலைமடையில் பிழைத்திருந்த செல்களிடையே வேறொன்றைக் கெர் கண்டார். அங்கொன்றும் இங்கொன்றுமாகத் தனித்தனிச் செல்கள் சுருங்கி, சிறு சிறு உருண்டைகளாகப் பிரிந்தன. அவற்றின் சவ்வு கிழியவில்லை, லைசோசோம்கள் உடையவில்லை. பக்கத்துச் செல்கள் அந்த உருண்டைகளை விழுங்கிவிட்டதால் அழற்சியும் எழவில்லை. மடல் மெல்ல மெல்லச் சிறுத்தது. 1972-இல் வைலி, கரி என்ற இரு ஆய்வாளர்களுடன் சேர்ந்து கெர் இதற்கு அப்போப்டோசிஸ் என்று பெயர் வைத்தார். மரத்திலிருந்து இலையும் பூவிலிருந்து இதழும் உதிர்வதைக் குறிக்கும் கிரேக்கச் சொல் அது.

தமிழில் இதை உதிர்சாவு என்றே சொல்லலாம் என்பது என் கருத்து. சூறைக்காற்று அடித்த மறுநாள் களக்காட்டுப் பக்கம் வாழைத்தோட்டத்துக்குப் போனால் தண்டு முறிந்து, நீர் ஒழுகி, தார் மண்ணில் புதைந்து கிடக்கும், அது நசிவு. வேம்பு பழுத்த இலையைக் காம்போடு கழற்றி விடுவதில் காயமும் இல்லை, கசிவும் இல்லை, அது உதிர்சாவு. வரத்து திடீரென்று அற்றால் செல் நசிகிறது. மெல்லக் குறைந்தால் ஊரின் அளவுக்கு ஏற்பக் குடித்தனங்களைக் குறைத்துக்கொள்வதுபோல் செல்கள் ஒவ்வொன்றாக உதிர்கின்றன. உதிர்வதற்கும் ஆற்றல் வேண்டும் என்பதையும் சேர்த்துச் சொல்ல வேண்டும். ஆற்றல் முற்றும் தீர்ந்த செல்லுக்கு ஒழுங்காகச் சாகக்கூட வழியில்லை. அது நசியத்தான் வேண்டும்.

இதுவரை பேசியது பசி, அதாவது எல்லாமே சேர்ந்து குறைவது. பசிக்குச் செல்லிடம் மிகப் பழைய விடை இருக்கிறது. வயிறு நிறைய உண்டும் ஒரு குறிப்பிட்ட பொருள் மட்டும் கிடைக்காமற்போனால் அந்த விடை செல்லுபடியாவதில்லை. என் கணிப்பில் கல்லீரல் செல்லுக்குப் பெரும் ஆபத்து பட்டினியைவிட இந்த ஒற்றைக் குறையில்தான் இருக்கிறது.

கோலினை எடுத்துக்கொள்வோம். கல்லீரல் தன்னிடம் வரும் கொழுப்பைப் பொட்டலம் கட்டி இரத்தத்தில் வெளியே அனுப்புகிறது. அந்தப் பொட்டலத்தின் மேலுறையில் லெசித்தின் என்ற பொருள் இருந்தாக வேண்டும். லெசித்தினுக்குக் கோலின் வேண்டும். கோலின் இல்லையென்றால் பனையோலைப் பெட்டி இல்லாத கருப்பட்டி வியாபாரியின் நிலைதான். சரக்கு இருக்கும், அனுப்ப வழி இருக்காது. இன்சுலின் கண்டுபிடிப்பில் பங்குள்ள சார்லஸ் பெஸ்ட், கணையம் நீக்கப்பட்ட நாய்களின் ஈரலில் கொழுப்பு அடைவதை லெசித்தின் தடுக்கிறது என்று 1930-களின் தொடக்கத்தில் கண்டதிலிருந்து இது தெரியவந்தது. கொழுப்பு அடைவதோடு முடிந்தால் பரவாயில்லை. மைட்டோகாண்ட்ரியாவின் சவ்விலும் லெசித்தின் முக்கியப் பங்கு வகிப்பதால், கோலின் குறைந்த செல்லில் அந்தச் சவ்வு பழுதாகி, எரியூட்டும் ஆக்சிஜன் மூலக்கூறுகள் கசிந்து, செல் உதிர்சாவுக்குத் தள்ளப்படுகிறது. உடல்நலமுள்ள ஆண்களுக்குக் கோலின் இல்லாத உணவை மூன்று வாரம் கொடுத்துப் பார்த்த 1991-ஆம் ஆண்டு ஆய்வில், அவர்களுடைய எஸ்.ஜி.பி.டி. உயர்ந்தது. அவர்கள் ஒரு வேளையும் பட்டினி கிடக்கவில்லை. வளர்ந்த ஆணுக்கு ஒரு நாளைக்கு 550 மில்லிகிராம், பெண்ணுக்கு 425 மில்லிகிராம் போதும் என்பது அமெரிக்காவில் 1998-இல் வகுத்த அளவு. ஒரு முட்டையில் ஏறத்தாழ 150 மில்லிகிராம் இருக்கிறது, அதுவும் மஞ்சள் கருவில். கொழுப்பு என்று சொல்லி மஞ்சள் கருவைத் தூர எறிபவர்கள் இதைக் கவனிக்கலாம்.

புரதக் குறைக்கும் ஏறக்குறைய இதே கதைதான். அடுத்த பிள்ளை வயிற்றில் வந்ததும் தாய்ப்பால் மறக்கடிக்கப்பட்டு மெலியும் குழந்தையைச் சவலைப்பிள்ளை என்கிறோம். 1930-களில் இன்றைய கானாவில் பணியாற்றிய மருத்துவர் சிசிலி வில்லியம்ஸ், பால் நின்று மக்காச்சோளக் கஞ்சியில் வளர்ந்த குழந்தைகளிடம் கால் வீக்கத்தையும் தோல் உரிதலையும் கண்டு, அவ்வூர் மக்களின் கா மொழியிலிருந்தே குவாஷியோர்கர் என்ற பெயரை எடுத்தாண்டார். அடுத்த குழந்தை வந்ததும் முந்தியதற்கு வரும் நோய் என்பதே அதன் பொருள். நம் சவலை என்ற சொல்லும் அதே நிலையைத்தான் குறிக்கிறது. அந்தக் குழந்தைகளின் உடம்பு வாடியிருந்தும் ஈரல் மட்டும் கொழுப்பால் பெருத்து மஞ்சளாகியிருக்கும். கஞ்சியில் மாவுப்பொருள் கிடைக்கிறது, கல்லீரல் அதைக் கொழுப்பாக மாற்றுகிறது, வெளியே அனுப்பும் பொட்டலத்துக்கு வேண்டிய புரதம் இல்லை.

எனக்கு மிகவும் பிடித்த கதை செலினியத்தினுடையது. டோருலா என்ற ஒருவகை ஈஸ்ட்டை மட்டுமே புரதமாகக் கொடுத்து வளர்த்த எலிகள் சில வாரங்களில் ஈரல் நசிந்து இறந்தன. சிஸ்டின் என்ற கந்தக அமினோ அமிலம் கொடுத்தால் பிழைத்தன. வைட்டமின் ஈ கொடுத்தாலும் பிழைத்தன. இரண்டும் அல்லாத மூன்றாவது ஏதோ ஒன்றாலும் பிழைத்தன. அந்த மூன்றாவதைத் தேடிய கிளாவுஸ் ஷ்வார்ட்ஸ், அது செலினியம் என்று 1957-இல் அறிவித்தார். அதுவரை செலினியம் என்றால் கால்நடைகளைக் கொல்லும் நஞ்சு என்றுதான் பெயர். ஏன் மூன்றும் ஒரே வேலையைச் செய்கின்றன என்பது பின்னர்தான் விளங்கியது. செல்லின் சவ்வில் உள்ள கொழுப்பு, இரும்பின் தூண்டுதலால், பழைய நல்லெண்ணெய் காறிப்போவதுபோல் காறிப்போகக்கூடியது. கல்லீரலோ இரும்பைச் சேர்த்து வைக்கும் உறுப்பு. காறலைத் தணிக்கும் நொதிக்குச் செலினியம் வேண்டும். அந்த நொதி பயன்படுத்தும் குளுட்டாதையோன் என்ற பொருளைச் செய்யச் சிஸ்டின் வேண்டும். சவ்வுக்குள்ளேயே இருந்து காறல் பரவாமல் தடுப்பது வைட்டமின் ஈ. இப்படிச் சவ்வு காறிப்போய்ச் செல் மடியும் முறைக்கு ஃபெரோப்டோசிஸ் என்று 2012-இல் பெயர் வந்தது. இரும்புச்சாவு என்று சொல்லலாம். அந்த நொதியை ஈரலில் மட்டும் இழக்கச் செய்த சுண்டெலிகள் ஈரல் நசிந்து இறந்தன, உணவில் வைட்டமின் ஈ நிறையக் கொடுத்தபோது பிழைத்தன என்பதைப் படிக்கும்போது, ஷ்வார்ட்ஸின் எலிகளே திரும்பி வந்ததுபோல் இருக்கிறது. வளர்ந்தவருக்கு ஒரு நாளைக்கு வேண்டிய செலினியம் 55 மைக்ரோகிராம்தான். ஒரு கிராமைப் பதினெட்டாயிரம் பேருக்குப் பங்கு வைக்கலாம்.

குளுட்டாதையோன் என்று சொன்னேனே, அது நம் வீட்டு மருந்துப் பெட்டியோடு தொடர்புடையது. காய்ச்சலுக்குப் போடும் பாராசிட்டமாலில் ஒரு சிறு பகுதி கல்லீரலில் நச்சுப்பொருளாக மாறுகிறது. குளுட்டாதையோன் உடனே அதைப் பிடித்து முடக்கிவிடும். பட்டினியாலும் புரதக் குறையாலும் கல்லீரலின் குளுட்டாதையோன் இருப்பு குறைகிறது; அப்போது அளவுக்கு மீறிய மாத்திரை, பிடிபடாத நஞ்சாகிச் செல்லின் புரதங்களில் ஒட்டி அதை நசித்துவிடும். ஒரு நாளைக்கு 4 கிராம் என்பது நலமுள்ள பெரியவர்களுக்கான உச்சவரம்பு. மெலிந்தவர்களுக்கும் நாள்கணக்கில் உண்ணாதவர்களுக்கும் மருத்துவர் அதைவிடக் குறைத்தே சொல்வார். மிகுதியாக உட்கொண்டவருக்கு மருத்துவமனையில் ஏற்றும் மாற்றுமருந்து, குளுட்டாதையோனைக் கட்டுவதற்கான கந்தகச் சரக்கைத் தரும் அசிட்டைல்சிஸ்டீன்தான்.

கந்தக அமினோ அமிலங்கள் என்றதும் எங்கள் ஊர் உளுந்தஞ்சோறு நினைவுக்கு வருகிறது. அரிசிப் புரதத்தில் லைசின் என்ற அமினோ அமிலம் குறைவு. கறுப்பு உளுந்தில் லைசின் உண்டு, ஆனால் மெத்தியோனின் என்ற கந்தக அமினோ அமிலம் குறைவு. எள்ளில் மெத்தியோனின் நிறைய. அரிசியும் தொலி உளுந்தும் சேர்த்துப் பொங்கி, தொட்டுக்கொள்ள எள்ளுத் துவையலும் வைத்தால் மூன்றின் குறையும் ஒன்றால் ஒன்று அடைபடுகிறது. மெத்தியோனினிலிருந்து கல்லீரல், சிஸ்டினின் பாதியான சிஸ்டீனைச் செய்துகொள்ளும். கோலினிலும் ஒரு பங்கை அதைக் கொண்டே தயாரிக்கும். இந்தக் கணக்கைப் பார்த்து யாரும் அந்தச் சோற்றைப் பொங்கவில்லை என்பதும் உண்மைதான். ருசியாக இருந்ததால் பொங்கினார்கள்.

ஆச்சியிடம் இவ்வளவையும் சொல்லவில்லை. விரத நாளில் தலைவலி என்று வெறும் வயிற்றில் மாத்திரை மேல் மாத்திரை போட வேண்டாம் என்றும், முடிக்கும் நாளில் இலை நிறையச் சோறு வேண்டாம், கஞ்சியில் தொடங்குங்கள் என்றும் இரண்டு மட்டும் சொன்னேன். ஐந்து நாளுக்கு மேல் ஏறக்குறைய ஒன்றுமே உண்ணாதிருந்தவருக்குத் திடீரென்று மாவுப்பொருள் மிகுந்தால் இன்சுலின் எழும்பி, இரத்தத்திலுள்ள பாஸ்பேட் செல்களுக்குள் இழுக்கப்பட்டு, இதயமும் மூச்சும் தளரும் அபாயம் உண்டு. முன்பே மெலிந்தவர்களிடமும் குடிப்பழக்கம் உள்ளவர்களிடமும் இது கூடுதல். ஆச்சி இரவில் பாலும் பழமும் எடுத்துக்கொள்பவர் என்பதால் அவருக்கு அந்தக் கவலை பெரிதில்லை.

ஏழாம் நாள் காலையில் அவர் குடித்த கஞ்சி செரித்துப் போர்ட்டல் சிரைக்கு வந்ததும், லைசோசோம்களின் மேல் எம்டார் மறுபடி விழித்துக்கொண்டு தின்னும் வேலையை நிறுத்தியிருக்கும். பசிக்காலத்தில் ஒன்றோடொன்று கலந்து பெருத்துப்போன லைசோசோம்கள் குழல்களாக நீண்டு, துண்டுகளாகப் பிரிந்து, பழைய அளவுக்குத் திரும்பியிருக்கும். மெலிந்த செல்கள், ஒன்றும் எண்ணிக்கையில் குறையாமல், இழந்த புரதத்தை மறுபடி கட்டத் தொடங்கியிருக்கும்.